பேர் என்ன என்று கேளுங்கள்!



நம் தோட்டத்தில் 'மருந்து' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்திருக்கிறோம். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதும் மருந்து. தலைவலிக்கு விழுங்குவதும் மருந்து. "இன்னிக்கு என்ன வேலை?" என்றால் "மருந்தடிக்கிற வேலை" என்கிறோம். "ஏன் படுத்திட்டே?" என்றால் "மருந்து சாப்பிட்டேன், மயக்கமா இருக்கு" என்கிறோம். ஒன்று முதுகில் ஏறுகிறது. மற்றது வயிற்றில் இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. பெரும்பாலும் இரண்டின் பெயரும் நமக்குத் தெரியாது!

ஆஸ்பத்திரியில் மிஸி கேட்கிறார்: "என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?" நாம் சொல்லும் பதில்: "தெரியாதுங்க மிஸி, வெள்ளை மாத்திரை." வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது. அதில் ஒன்று வலியைப் போக்கும், ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒன்று ஆஸ்துமாக்காரரின் மூச்சை நிறுத்தும். நிறத்தைச் சொன்னால் மிஸி எதைக் கண்டுபிடிப்பார்?

மருந்தின் பெயரைக் கேட்பது படித்தவர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். உயிரைக் காப்பாற்றும் முதல் கேள்வியே அதுதான்.

விழுங்கிப் பழகிய வாய்

கேட்காமல் விழுங்கும் இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டு அங்கே அரசாங்க டாக்டராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி, கொசு வளரும் தண்ணீரை வடித்தார். கிள்ளான் பட்டணத்தில் காய்ச்சல் குறைந்தது. வாய்க்கால் போய்ச் சேராத தோட்டங்களிலோ கொயினாதான் கதி. பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுப்பார்கள். வாயைத் திற, விழுங்கு, வேலைக்குப் போ! எதற்கு, எவ்வளவு, என்ன தீங்கு என்று யாரும் சொல்லவில்லை. நம் பாட்டன் பாட்டிகளும் கேட்கவில்லை.

பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது, டிரஸர் ஐயா வந்தார். 1965-ல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. மருந்து கொடுப்பவருக்குத் தகுதி வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் மருந்து வாங்குகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். பால்மரம் வெட்டிய முதுகுவலியும், குலை தூக்கிய தோள்வலியும் கூடவே மாடியேறிப் போயிருக்கின்றன. தோட்டத்தில் டிரஸர் ஐயா ஒருவர்தான். பட்டணத்திலோ தெருவுக்கு நாலு மருந்துக்கடை. ஆகவே கேட்க வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தால்?

முதலில் முதுகில் ஏறும் மருந்தைப் பார்ப்போம்.

நம் உடம்பில் நாம் சொல்லாமலே வேலை செய்யும் நரம்புகள் உண்டு. இருதயம் துடிக்க வேண்டும், குடல் அசைய வேண்டும், எச்சில் ஊற வேண்டும், வியர்க்க வேண்டும். இதையெல்லாம் நாம் உத்தரவு போட்டா செய்கிறோம்? இந்தத் தானியங்கி நரம்புகளில் இரண்டு பிரிவு. ஒன்று, புலியைக் கண்டால் ஓடு என்று விரட்டும் நரம்பு. அது இருதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், மூச்சுக்குழலை விரிக்கும். மற்றது, சாப்பிட்டு ஓய்வெடு என்று அடக்கும் நரம்பு. அது இருதயத்தை மெதுவாக்கும், எச்சிலை ஊற வைக்கும், குடலை ஓட்டும்.

நரம்பிலிருந்து உறுப்புக்குச் செய்தி போவது ஒரு ரசத்தின் மூலம். ஓய்வு நரம்பின் ரசத்துக்குப் பெயர் அசிட்டைல்கோலின். அதைப் பெரட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தது, செய்தி போனது, உடனே ஒருவர் மணியைக் கையால் பிடித்து நிறுத்துகிறார். அப்படி நிறுத்தும் பொருளுக்குக் கோலினெஸ்டரேஸ் என்று பெயர்.

ஆர்கனோ பாஸ்பேட் என்ற வகைப் பூச்சி மருந்துகள் செய்வது இதைத்தான்: மணியை நிறுத்தும் அந்தக் கையைக் கட்டிப்போடுகின்றன. கொசுவுக்குப் புகை அடிக்கப் பயன்பட்ட மாலத்தியான் இந்த வகை. செம்பனையில் கூண்டுப்புழு விழுந்தபோது, மரத்தில் துளை போட்டு ஊற்றிய மோனோகுரோட்டபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியவையும் இந்த வகைதான். கை கட்டப்பட்ட பிறகு மணி நிற்காமல் அடிக்கிறது. கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும். கண்ணீர், எச்சில், வியர்வை எல்லாம் கொட்டும். வயிறு பிடுங்கும், வாந்தி பேதியாகும், சிறுநீர் தானாகப் போகும். சதை துடிக்கும். நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு அடைக்கும். குடித்தால்தான் என்றில்லை, தோல் வழியாகவும் இது உள்ளே போகும்.

இதற்கு மாற்று மருந்து அட்ரோபின். அது மணியை நிறுத்துவதில்லை. உறுப்புகளின் காதைப் பொத்துகிறது! மணி அடித்தாலும் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் கேட்காது. கட்டிய கையை அவிழ்க்கப் பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அட்ரோபின் முதலில் பெல்லடோனா என்ற செடியிலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஊமத்தையிலும் இதே இனத்து நஞ்சு உண்டு. அதற்காக யாரும் ஊமத்தையை அரைத்துவிட வேண்டாம்! எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க முடியாத மருந்து, மருந்தே அல்ல.

ஆஸ்பத்திரியில் மிஸியின் வேலை இங்கேதான் ஆரம்பம். நோயாளியின் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பையும் தலையையும் கழுவுகிறார். அட்ரோபின் ஊசி ஏற ஏற, நெஞ்சுச் சளி வற்றுகிறதா, நாடி ஏறுகிறதா என்று விடாமல் பார்க்கிறார். அளவு குறைந்தால் நோயாளி தன் சளியிலேயே மூழ்குவார். அளவு மிஞ்சினால் வாய் காய்ந்து, உடம்பு கொதித்து, நீர் பிரியாமல், வாய்க்கு வந்தபடி பிதற்றுவார். அப்போது பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் "ஏதோ பிடிச்சிருச்சு, கயிறு கட்டணும்" என்று கிளம்புவதுண்டு. ஒன்றும் பிடிக்கவில்லை ஐயா, மருந்து சற்றுக் கூடியிருக்கிறது. உடனே மிஸியைக் கூப்பிடுங்கள், அதுதான் கயிறு!

ஒரே வாந்தி, வேறு வேறு நஞ்சு

மருந்தடிக்கும் இன்னொருவரும் வாந்தியோடு வருகிறார். அவர் உள்ளே போனது பூச்சி மருந்தல்ல, பாராகுவாட் என்ற புல் மருந்து. அதற்கு அட்ரோபின் ஒன்றும் செய்யாது. முறிவு மருந்தே கிடையாது. குடலிலிருந்து இரத்தத்தில் சேருமுன் கரியோ களிமண்ணோ கொடுத்துப் பிடித்து வைக்க முயல்வார்கள். மூச்சு முட்டுகிறதே என்று அவசரப்பட்டு ஆக்சிஜன் கொடுத்தால், நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். ஒருவருக்கு உயிர் கொடுக்கும் ஆக்சிஜன் இன்னொருவருக்கு உலை வைக்கும்! டாக்டருக்கு இந்த வேறுபாட்டை உடனே சொல்வது எது? டின்னில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாள்.

பாராகுவாட்டின் கதையை நம்மவர்கள் மறக்கக் கூடாது. கோலாலம்பூரில் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-ல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டும் அந்த மருந்தை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்கள். பழைய டின் எங்காவது கொட்டகையில் கிடந்தால் தொடாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

ஆகவே மருந்தடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் மருந்து கலக்கும்போதே மண்டோரிடம் கேளுங்கள்: "இது பேர் என்னங்கய்யா?" தமிழில் எழுதி வையுங்கள், எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால், உடுப்பைக் கழற்றிச் சோப்பால் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டின்னின் பெயர்த்தாளையோ அதன் படத்தையோ கையோடு கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கழுவுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அவர் உடுப்பில் இருக்கும் நஞ்சு உங்களையும் பிடிக்கும்.

வீட்டில் இருக்கும் நரம்பு மருந்துகள்

தானியங்கி நரம்பைத் தொடும் மருந்துகள் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் உண்டா? உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன!

ஆஸ்துமாக்காரர் இழுக்கும் நீல நிற வென்டோலின், விரட்டும் நரம்பைப் போல நடித்து மூச்சுக்குழலை விரிக்கிறது. அதனால்தான் இழுத்தவுடன் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதற்கு நேர் எதிர் புரோப்பிரானலால் என்ற மாத்திரை. அது படபடப்பை அடக்கும். ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழலை இறுக்கிவிடும். "எனக்கும் நெஞ்சு படபடங்குது, உங்க மாத்திரைல ஒண்ணு குடுங்கக்கா" என்று பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வயிற்றுப் பிடிப்புக்கு வாங்கும் பஸ்கோபான், அட்ரோபினுக்குச் சொந்தக்காரன். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் தடைபடும் வயதான ஆண்களும் டாக்டரிடம் சொல்லாமல் அதைப் போடக்கூடாது. மூக்கடைப்பு மாத்திரைகள் சில இரத்த அழுத்தத்தை ஏற்றும். சளி, அரிப்புக்குத் தரும் பிரிட்டோன் தூக்கத்தைக் கொண்டுவரும். அதை விழுங்கிவிட்டு நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டப் போவதும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாத வினை.

பனடோல்: நல்ல பிள்ளை, ஆனால்...

இனி வலிக்கு வருவோம்.

பனடோல் என்று நாம் சொல்லும் மாத்திரையின் உண்மையான பெயர் பாராசிட்டமோல். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வயிற்றைப் புண்ணாக்காது. ஆனால் வீக்கத்தை அதிகம் குறைக்காது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த தடவைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் அந்த எட்டே அதிகம். குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு. கரண்டியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள்.

ஆபத்து எங்கே வருகிறது? பெயர் தெரியாததால் வருகிறது. கிளினிக்கில் கொடுத்த பொட்டலத்திலும் பாராசிட்டமோல், கடையில் வாங்கிய சளி மாத்திரையிலும் பாராசிட்டமோல், வீட்டிலிருந்த பனடோலும் அதேதான். மூன்று பெயரில் ஒரே ஆள்! மூன்றையும் சேர்த்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சினால் கெடுவது கல்லீரல். அதிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. முதல் நாள் வெறும் குமட்டலோடு சரி, ஆள் நன்றாகவே இருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். இதற்கு முறிவு மருந்து உண்டு; எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆகவே கோபத்திலோ தெரியாமலோ யாராவது நிறைய விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வீக்கத்தை அடக்கும் மாத்திரை

போன்ஸ்தான், வோல்ட்டரென், புரூஃபென், ஆஸ்பிரின்... இவையெல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் அடிபட்ட இடத்தில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்துதான் வலியும் வீக்கமும் உண்டாகின்றன. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்பதை 1971-ல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காட்டினார்; 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவருக்குக் கவசமாகவும் இருக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைப்பதும் அதுவே. மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியுமா? எங்கும் சேர்த்துத் தடுக்கிறது. அதனால் வயிற்றில் புண் வரும்; இரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தி காப்பித்தூள் போல வந்தால், அது இரத்தம். உடனே ஆஸ்பத்திரி! வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போடாதீர்கள். கள்ளோ சம்சுவோ பீரோ குடித்த வயிற்றில் போடவே போடாதீர்கள்.

வெயிலில் நின்று வியர்வை கொட்ட வேலை செய்கிறவருக்கு உடம்பில் நீர் குறைவு. அப்போது இந்த மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் வாட்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்குச் சொல்லவே வேண்டாம். 2019-ல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இனத்தாரிடம் அது இன்னும் அதிகம். டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் உட்காருகிறவர்களைக் கேளுங்கள், சிறுநீரகத்தின் விலை தெரியும். தினமும் ஒரு வலி மாத்திரை என்று வருஷக்கணக்கில் போடுவது, அந்த நாற்காலிக்கு நடந்து போகிற வழி.

இன்னும் நாலு பேருக்கு இந்தக் குடும்பம் ஆகாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பு வரும். கர்ப்பிணிகள், முக்கியமாக ஐந்து மாதத்துக்கு மேல், டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. முன்பு வயிற்றுப்புண் வந்தவருக்கு ஆகாது. நாலாவது, டெங்கிக் காய்ச்சல். சிலாங்கூரில் டெங்கி நம் வாசலிலேயே நிற்கிறது. அந்தக் காய்ச்சலில் இரத்தக் கசிவு வரும் ஆபத்து இருப்பதால் ஆஸ்பிரின், போன்ஸ்தான், வோல்ட்டரென், புரூஃபென் எதுவும் கூடாது. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமோல் மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் தவறாக எண்ணிக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சிறு அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக்கூடாது. அது வலிக்கல்ல, இரத்தம் உறையாமல் இருக்க. பாருங்கள், ஒரே மருந்து! யாருக்கு, எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேர் இல்லாத பொட்டலம்

இனி வரும் சங்கதிதான் எல்லாவற்றிலும் மோசமானது.

"ரெண்டு உருண்டை போட்டேன், வருஷக்கணக்கா இருந்த முட்டிவலி பறந்து போச்சு!" சந்தையிலும், வீடு வீடாக வருகிறவரிடமும், இப்போது கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும் மூலிகை மருந்து, ஜாமு, குளிகை. எல்லாம் மூலிகையா? மூலிகை மருந்து என்று விற்கப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. மூலிகை மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டே நாளில் அதிசயம் நடந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. டாக்டர் அளந்து கொடுத்தால் ஆஸ்துமாவிலும் மூட்டு வாதத்திலும் அது உயிர் காக்கும். தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால்தான் வினை. முதலில் பசி எடுக்கும், முகம் பூசினாற்போல் உருண்டையாகும். பார்க்கிறவர்கள் "உடம்பு தேறிடுச்சே!" என்பார்கள். தேறவில்லை தோழர்களே, ஊதுகிறது! சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பொடியாகும், தோல் காகிதம்போல் மெலியும், புண் ஆறாது, கண்ணில் புரை விழும், கண் அழுத்தமும் கூடும்.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும், கண் தெரியாத சகோதரர்கள் உடம்பு பிடித்துவிட்டுப் பிழைப்பதும் உங்களுக்குத் தெரியும். முட்டிவலிக்கு அவர்களிடம் போய்ப் பிடித்துக்கொண்டால் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பேர் தெரியாத உருண்டையை விழுங்கினால் முட்டிவலி போகும், கண்ணும் கூடவே போகலாம்!

இன்னொரு பொறியும் இதில் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவிடும். அப்புறம் ஒரு நாள் பயந்துபோய்ப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தால், உடம்பில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வாந்தி, கடுஞ்சோர்வு, இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம், சமயத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். மிச்சமுள்ள மருந்தோடு கிளினிக்குப் போய், வெட்கப்படாமல் காட்டுங்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

நல்ல மருந்தை எப்படி அடையாளம் காண்பது? நம் நாட்டில் மருந்துகளைச் சோதிக்கும் அரசாங்கக் கூடம் 1978-ல் பெட்டாலிங் ஜெயாவில் அமைந்தது. 1984-ஆம் ஆண்டு விதிமுறைப்படி மருந்துகள், மூலிகை மருந்துகள் உட்பட, பதிவு செய்யப்பட வேண்டும். பதிவானவற்றின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். எண் இல்லையா? வாங்காதீர்கள். வலி நிவாரணி என்று விற்பவர் உங்கள் மாமன் மச்சானாகவே இருந்தாலும் சரி!

பெரிய வலிக்குப் பெரிய மருந்து

புற்றுநோய் போன்ற பெரிய வலிக்கு மோர்பின் உண்டு. "மோர்பின் குடுத்தா ஆள் முடிஞ்சிடும்" என்று சொந்தக்காரர்கள் தடுப்பதை ஆஸ்பத்திரிகளில் காணலாம். அது அபினி இனத்து மருந்துதான். தூக்கமும் மலச்சிக்கலும் தரும், அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகும். அதனால்தான் மிஸி மூச்சை எண்ணுகிறார். முறிவு மருந்தாக நலாக்சோன் தயாராக உண்டு. முறையாகக் கொடுத்தால் நோயாளி வலியில்லாமல் பிள்ளைகளோடு பேசிச் சிரித்து நாளைக் கழிக்கலாம். கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-லிருந்து இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறது. நம் தாய் தகப்பன் கதறிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

மிஸி ஏன் கேட்டதையே கேட்கிறார்?

வார்டில் மாத்திரை கொடுக்கும் முன் மிஸி ஒவ்வொரு தடவையும் "பேர் என்ன?" என்கிறார். "நேத்துதானே கேட்டாங்க?" என்று சலித்துக்கொள்கிறோம். அவர் படித்த பாடம் அது: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தில் ஒன்று பிசகினாலும் தீங்கு. அவர் உங்கள் பெயரைக் கேட்கட்டும். நீங்கள் மருந்தின் பெயரைக் கேளுங்கள்! கணக்குச் சரியாகிவிடும்.

டிரஸர் ஐயாவிடமோ, கிளினிக்கிலோ, மருந்துக்கடையிலோ இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது பேர் என்னங்க? பொட்டலத்தின் மேலே எழுதித் தாங்க.
2. எதுக்கு, எத்தனை, எத்தனை நாளைக்கு?
3. எனக்குச் சர்க்கரை (அல்லது ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம்) இருக்கு, இது ஒத்துக்குமா?
4. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கிற இந்த மாத்திரையோட சேருமா?

பழைய பொட்டலங்களை ஒரு பையில் போட்டு வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பையையே தூக்கிக்கொண்டு போங்கள். அதைவிட நல்ல கடிதம் டாக்டருக்கு வேறு இல்லை.

வலியை மறைப்பது வேறு, ஆற்றுவது வேறு

"எல்லாம் சரிதான் சார், ஒரு நாள் படுத்தா சம்பளம் யார் குடுப்பா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம்மவர்கள் மாத்திரை போடுவது வலி போக மட்டுமா? பெரட்டுக்குப் போகத்தானே!

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. வேலையில் அடிபட்டாலோ மருந்து தாக்கினாலோ 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ இருக்கிறது. 2019-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வங்காளதேசத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

உரிமையாகக் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வை விட்டுவிட்டு, இரண்டு மாத்திரையை விழுங்கி முதுகை ஏமாற்றிக்கொண்டு போகிறோம். முதுகு ஏமாறும், சிறுநீரகம் ஏமாறாது, அது கணக்கு வைத்துக்கொண்டிருக்கும். வலி என்பது உடம்பு நமக்கு அனுப்பும் புகார். புகாரைக் கேட்க வேண்டும், வாயைப் பொத்தக்கூடாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார்கள் பெரியவர்கள். அளவு தெரிய வேண்டுமானால் முதலில் பெயர் தெரிய வேண்டும். பாட்டன் காலத்தில் வரிசையில் நின்று வாயைத் திறந்தோம். இனி வாயைத் திறப்பது கேள்வி கேட்கவும் இருக்கட்டும். இன்றைக்கே வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லாத பொட்டலம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். அவற்றைப் பையில் போட்டு, அடுத்த தடவை போகும்போது டிரஸர் ஐயா முன்னால் வைத்து, "இதுங்க பேர் என்னங்கய்யா?" என்று கேளுங்கள்.